முடி மாற்று சிகிச்சைக்குப் பின் மிஞ்சிய தழும்புகளும் தீராத வருத்தமும்: எப்படிக் கடந்து வந்தீர்கள்?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 29. பதினான்கு மாதங்களுக்கு முன் எஃப்.யூ.இ. முறையில், அதாவது மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து நடும் முறையில், முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டேன். பின்மண்டையிலிருந்து 3,200 கிராஃப்ட்டுகளை (ஒன்றோ சிலவோ முடிகள் கொண்ட சிறு மயிர்க்கால் கொத்துகளை) எடுத்து முன்நெற்றியிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும் நட்டார்கள். அன்று எனக்கு இருந்ததெல்லாம் இருபக்கமும் கொஞ்சம் ஏறியிருந்த நெற்றி மட்டுமே. அந்தக் காலத்துப் புகைப்படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், இந்தத் தலையில் என்ன குறையைக் கண்டு நான் போய் அந்த மேசையில் படுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நெற்றியில் கோடு வரைந்தவர் மருத்துவர் அல்லர். முதல் நாள் என்னிடம் பேசி முன்பணம் பெற்றுக்கொண்ட ஆலோசகர். மருத்துவர் வந்தார், கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார், மரப்பு ஊசி போட்டார், அத்தோடு சரி. அதன்பின் எட்டு மணி நேரம் துளையிட்டு எடுத்தவர்களும் நட்டவர்களும் யார் யார் என்று குப்புறப் படுத்திருந்த எனக்குத் தெரியாது.

இப்போது நெற்றிக் கோடு அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக, இருக்கவேண்டிய இடத்தைவிட ஒரு விரற்கடை கீழே இருக்கிறது. முதல் வரிசையிலேயே மூன்று மூன்று முடிகள் கொத்தாக நிற்பதால், காற்றில் முடி பின்னால் போகும்போதெல்லாம் அது தெரிகிறது. அதையாவது முடியை முன்னால் இழுத்து மறைத்துக்கொள்கிறேன். பின்மண்டைதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஒரு காதிலிருந்து மறு காதுவரை வெள்ளைப் புள்ளிகள். வலது காதுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு அடர்த்தியே இல்லாமல், பூச்சி அரித்த துணிபோல் இருக்கிறது. நான் எப்போதும் ஒட்ட வெட்டிப் பழகியவன். மூன்று மாதங்களுக்கு முன் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று நின்றது. வெட்டிக்கொண்டிருந்தவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தலையில் தீக்காயம் ஏதும் பட்டதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முடி வெட்டவே இல்லை.

இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்து ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கைப்பேசியில் பின்மண்டைப் படங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. விளக்கு நேராகத் தலைமேல் விழும் இடத்தில் நிற்பதில்லை; வரிசையில் எனக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால், விலகிப்போய் மீண்டும் கடைசியில் சேர்ந்துகொள்கிறேன். சில இரவுகளில், இப்படியே விடியாமல் போய்விட்டால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது.

வேறொரு இடத்தில் காட்டியபோது, இன்னும் 1,500 கிராஃப்ட்டுகள் எடுத்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம், அடுத்த மாதமே தேதி தருகிறோம் என்கிறார்கள். போகலாமா? இந்தப் புள்ளிகளுக்கு உண்மையில் என்ன வழி இருக்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். விபத்தில் வந்த தழும்பாக இருந்தால் மனம் ஆறியிருக்கும். இது நானே விரும்பி, நானே சேமித்த பணத்தைக் கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது. இந்த எண்ணத்தோடு நீங்கள் எப்படி நாட்களைக் கடத்துகிறீர்கள்?

சிகிச்சைக்குப் பிறகு முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டெரைட் மாத்திரை தினமும் 1 மில்லிகிராம் எடுத்துவருகிறேன். வேறு மருந்து எதுவும் இல்லை.

மறுமொழி 1: பதினோரு ஆண்டுகளாகத் தழும்போடு இருப்பவர்

தம்பி, அடுத்த மாதத் தேதியை வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

எனக்கு வயது 44. பதினோரு ஆண்டுகளுக்கு முன் எஃப்.யூ.டி. முறையில், பின்மண்டைத் தோலில் ஒரு பட்டையை வெட்டியெடுத்துவிட்டு இருபுறத்தையும் சேர்த்துத் தைத்தார்கள். மெல்லிய கோடாக ஆறிவிடும் என்றார்கள். காதிலிருந்து காதுவரை ஏழு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. உங்களைப் போலவே எனக்கும் உடனே சரிசெய்தாக வேண்டும் என்ற தவிப்பு. எட்டாவது மாதத்திலேயே வேறொரு மருத்துவரிடம் போய், தழும்பை வெட்டி நீக்கி மறுபடி தைத்துக்கொண்டேன். ஏற்கெனவே இறுகிப்போயிருந்த தோலைத் திரும்பவும் இழுத்துத் தைத்தால் அது விரியத்தான் செய்யும் என்று அந்த நிலையில் யார் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். ஆறே மாதத்தில் முன்னைவிட அகலமான தழும்பு வந்து சேர்ந்தது. முதல் சிகிச்சைக்காக வருந்தியதைவிட இரண்டாவதற்காக நான் அதிகம் வருந்தியிருக்கிறேன்; முதலாவதை விவரம் தெரியாமல் செய்தேன், இரண்டாவதைப் பயத்தில் செய்தேன்.

முடி மாற்று என்பது புதிய முடியை உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். மயிர்க்காலை முழுதாக எடுத்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஒருவருடைய பின்மண்டையிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பொதுவாக ஆறாயிரம் கிராஃப்ட்டுகள் அளவில்தான் இருக்கும். பலருக்கு அதைவிடவும் குறைவு. உங்களுக்கு 29 வயதிலேயே அதில் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது, உங்கள் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்பதோ இன்னும் தெரியவில்லை. ஏற்கெனவே அரித்துப்போன இடத்திலிருந்து மேலும் 1,500 எடுத்து அரிப்பைச் சரிசெய்கிறேன் என்பவரிடம், எந்த இடத்திலிருந்து எடுப்பீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் விரல் வைத்துக் காட்டத் தயங்கினால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன். மழித்த முடியின் வேர்போல் தெரியும்படி தோலில் மிகச் சிறிய நிறப்புள்ளிகளை இடுவது அது. செய்தவர் முதல் நாளே முழுவதையும் தொடவில்லை. கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில் மட்டும் புள்ளியிட்டு, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். தழும்புத் தோல் சில இடங்களில் நிறத்தைப் பிடிக்காது, சில இடங்களில் மை ஊறிப் பரவிவிடும் என்பதால் அந்தச் சோதனை. அதன்பின் மூன்று அமர்வுகள். விரலால் தடவினால் தழும்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. சில ஆண்டுகளில் நிறம் மங்கும், திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணப் பச்சை குத்துபவரிடம் மட்டும் போய்விடாதீர்கள். ஆழமாக இறங்கிய மை நாளடைவில் நீலம் பாய்ந்து, தழும்பைவிட மோசமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கையெழுத்துப் போட்டது நான்தானே என்ற எண்ணம் என்னையும் இரண்டு ஆண்டுகள் விடவில்லை. அந்த நாளை மனத்துக்குள் எத்தனையோ முறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒருநாள்தான் உறைத்தது: அன்று எனக்குக் காட்டிய படங்கள் எல்லாம் நெற்றியைக் காட்டின, ஒன்றில்கூடப் பின்மண்டை இல்லை. பின்மண்டையைக் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும் என்பது 33 வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்று தெரிந்ததை வைத்துக்கொண்டு அன்றைய என்னை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

நான் உண்மையை முதன்முதலாகச் சொன்னது வீட்டில் இல்லை, முடிவெட்டுபவரிடம். "அறுவைச் சிகிச்சை செய்தேன், சரியாக வரவில்லை, இது அதன் தழும்பு" என்றேன். அவர் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெஷினில் இருந்த சீப்பைக் கழற்றி நீளமான வேறொன்றை மாட்டினார். அந்தச் சீப்பு மாட்டும் 'கிளிக்' ஒலி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. வருத்தம் அன்றோடு போய்விடவில்லை. இன்றும் சில நாட்களில் வருகிறது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது.

மறுமொழி 2: தோல் மருத்துவர்

நேரில் பார்க்காமல் உங்கள் தலையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நான் முதலில் சொல்ல வேண்டியது தலையைப் பற்றி அன்று. விடியாமல் போனால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்று இரவே, உங்கள் வீட்டிலோ நட்பிலோ ஒருவரிடம் அதே சொற்களில் சொல்லுங்கள். உங்களை நீங்களே ஏதேனும் செய்துகொள்ளும் எண்ணமாக அது மாறினால், காலைவரை காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஃபினாஸ்டெரைட் எடுப்பவர்களில் சிலருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவு என்பதை ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025-இல் உறுதிப்படுத்தியது. முடி உதிர்வுக்காக 1 மில்லிகிராம் எடுப்பவர்களுக்கு மனநிலை மாறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும் என்பது அதன் அறிவுரை. உங்கள் சோர்வுக்கு அந்த மாத்திரைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தழும்பைப் பார்த்து வந்த சோர்வுக்கும் மருந்தால் வந்த சோர்வுக்கும் வேறுபாடு காண்பது உள்ளிருந்து பார்க்கும் ஒருவரால் இயலாது. அதனால்தான் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்கிறேன்.

இனித் தழும்புக்கு வருவோம். எஃப்.யூ.இ. முறையில் ஒவ்வொரு கிராஃப்ட்டையும் ஏறத்தாழ 0.7 முதல் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையிட்டு எடுக்கிறார்கள். துளை தானாக ஆறும்போது அங்கே தழும்புத் திசு உருவாகிறது. அதில் மயிர்க்காலும் இல்லை, நிறம் தரும் செல்களும் குறைவு. வெள்ளைப் புள்ளி அதுதான். தழும்பே வராத சிகிச்சை என்று விளம்பரம் செய்வது பொய். கோடாக வராது, புள்ளியாக வரும், அவ்வளவே. துளைகளுக்கு இடையே போதிய இடைவெளி விட்டிருந்தால் சுற்றியுள்ள முடி அவற்றை மூடிவிடும். பொதுவாக ஓரிடத்தில் அடர்த்தி பாதியாகக் குறையும்வரை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. உங்கள் வலது காதுக்கு மேல் தெரிகிறதென்றால் அங்கே எல்லை மீறி எடுத்திருக்கிறார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது.

பின்மண்டை முடியை இடம் மாற்றினாலும் அது தன் இயல்பை இழக்காது என்பதை நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் விளக்கினார். இந்தச் சிகிச்சை முழுவதும் அந்த அடிப்படையில்தான் நிற்கிறது. ஆனால் அந்த உறுதி பின்மண்டையின் நடுப்பட்டைக்கே பொருந்தும். காதுக்கு நெருக்கமாகவும் கழுத்துக்கு அருகிலும் உள்ள முடி பிற்காலத்தில் சிலருக்கு மெலியும். அங்கிருந்து எடுத்து நட்டது நெற்றியில் இருந்தாலும் மெலியக்கூடும். ஆகவே இனி எதைச் செய்வதாக இருந்தாலும், தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்து ஒவ்வொரு பகுதியிலும் மிச்சமிருக்கும் அடர்த்தியை எண்ணி, எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த மேசையிலும் படுக்காதீர்கள்.

சிகிச்சையின் அதிர்ச்சியால் சுற்றியுள்ள முடி தற்காலிகமாக உதிர்வதுண்டு. அது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் திரும்பிவிடும். பதினான்காவது மாதத்தில் மிஞ்சியிருப்பது அநேகமாக நிலையானது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தட்டையான வெள்ளைத் தழும்புக்குச் சிலிகான் ஜெல்லால் பயனில்லை. தழும்பு மேடாகி, அரிப்போடு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கெலாய்டு. அதற்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவோம், உங்கள் விவரிப்பில் அது தெரியவில்லை. முடி வளர்ச்சிக்கான மருந்தான மினாக்சிடில் மெலிந்த முடியைத் தடிக்கச் செய்யலாம், தழும்பில் முளைக்கவைக்காது. நிறப்புள்ளி இடுவது உங்களுக்குப் பொருந்தும் வழிகளில் முதன்மையானது. தாடி முடியை எடுத்து வெற்றிடத்தில் நடுவதும் உண்டு; தழும்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவென்பதால் நட்டதெல்லாம் பிழைக்காது, ஐம்பது நூறு நட்டு ஓராண்டு பார்த்துவிட்டே மேற்கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு கண்ணாடிகளையும் ஆயிரம் படங்களையும் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் தழும்பு உண்மையானது. கற்பனை என்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும், தோற்றத்தின் ஒரு குறையைப் பற்றியே நாளெல்லாம் எண்ணுவதும், திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும், ஆட்கள் கண்ணில் படாமல் விலகுவதும் ஒரு நோயாகவே மாறுவதுண்டு. உடல் உருவக் குலைவு என்று அதைச் சொல்வோம். ஏறத்தாழ நூற்றில் இருவருக்கு அது இருக்கிறது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் அதற்குப் பலன் தருகின்றன. எந்தத் திருத்தச் சிகிச்சைக்கும் முன்னால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் அடங்காத நிலையில், அறுவைச் சிகிச்சை நன்றாகவே அமைந்தாலும் அது மனத்துக்கு எட்டுவதில்லை என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

மறுமொழி 3: ஒரு தமக்கை

சகோதரரே, நான் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவள் அல்லள்; என் தம்பிக்கு நடந்தது இது. அவன் பின்தலையைத் தடவிக்கொண்டே கேட்கும்போதெல்லாம் "ஒன்றுமே தெரியவில்லை, நீயாக நினைத்துக்கொள்கிறாய்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னோம். அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான், பிறகு எங்களோடு சாப்பிட உட்காருவதையும் நிறுத்திவிட்டான். ஒருநாள் நானே விளக்கைப் போட்டு, "காட்டு, பார்க்கிறேன்" என்றேன். பார்த்தேன். "தெரிகிறது. இங்கேயும் இங்கேயும் தெரிகிறது" என்று விரலால் தொட்டுச் சொன்னேன். அவன் அழுதான். அதற்குப் பிறகுதான் என்னோடு மருத்துவரிடம் வர ஒப்புக்கொண்டான். உங்கள் வீட்டில் உள்ளவர்களும் தெரியவில்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள்மேல் கோபப்படாமல், தெரிகிறது என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிக் காட்டுங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு என் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், விடியாமல் போனால் நல்லது என்ற அந்த வரியையும் சேர்த்து. மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன்; எழுதிக்கொடுத்த மருத்துவரோடு நாளை காலை பேசுகிறேன். அடுத்த மாதத் தேதியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன், முன்பணம் கொடுக்காதது நல்லதாகப் போயிற்று. நெற்றிக் கோட்டைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. நட்டதை எடுக்க முடியுமா? யாராவது எடுத்திருக்கிறீர்களா?

மறுமொழி 4: நெற்றிக் கோட்டைத் திருத்திக்கொண்டவர்

எடுக்க முடியும். நான் எடுத்திருக்கிறேன், இரண்டு அமர்வுகளில், இடையில் பத்து மாதங்கள் விட்டு. பின்மண்டையில் எடுத்த அதே முறையில், கொத்தாக நிற்கும் கிராஃப்ட்டுகளை மட்டும் துளையிட்டு எடுத்தார்கள். பிழைத்த மயிர்க்கால்களைப் பிரித்து, இரண்டு அங்குலம் பின்னால், கொத்தாக இருந்தாலும் கண்ணை உறுத்தாத இடத்தில் நட்டார்கள். இதில் ஒரு நன்மை, அந்த முடி வீணாகவில்லை. உங்களைப் போல் பின்மண்டையில் கையிருப்பு குறைந்தவர்களுக்கு இது மிக முக்கியம்.

லேசர் கொண்டு நீக்குவதும் உண்டு. தழும்பு குறைவாக இருக்கும், பல அமர்வுகள் தேவைப்படும், ஆனால் மயிர்க்கால் அழிந்துவிடும், திரும்பப் பயன்படுத்த முடியாது. கோட்டின் மிகக் கீழ்வரிசைக்கு, எதிர்ப்பக்கம் பார்த்து வளர்ந்த சில முடிகளுக்கு மட்டும் நான் லேசரைப் பயன்படுத்தினேன்.

இயற்கையான நெற்றிக் கோட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அது கோடே அன்று. முதல் சில வரிசைகளில் முடிகள் ஒற்றை ஒற்றையாக, மேடும் பள்ளமுமாக, முன்னோக்கிப் படிந்து வளர்ந்திருக்கும். இரட்டையும் மும்மையும் அதற்குப் பின்னால்தான் தொடங்கும். எனவே திருத்தம் என்பது அடர்த்தியைக் கூட்டுவதில் இல்லை, முன்வரிசையைக் குலைத்து மென்மையாக்குவதில் இருக்கிறது. முன்வரிசைக் கொத்துகளை எடுத்தபின் எனக்குப் புதிதாக நட்டது நூற்று இருபது ஒற்றை முடிகள் மட்டுமே.

மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. எடுத்த இடத்தில், வெயில் சாய்வாக விழுந்தால் மட்டும் தெரியும் சிறு குழிகள் என் நெற்றியில் இருக்கின்றன. நான் அவற்றோடு சமாதானமாகிவிட்டேன். நீங்கள் ஆவீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் இப்போது வேண்டாம், மனநல மருத்துவரிடம் சில மாதங்கள் போய்வந்த பிறகு சொல்லுங்கள். தழும்பு காத்திருக்கும், அது எங்கும் போவதில்லை என்பதே இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வசதி.

கேட்டவரின் பதில்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மாத்திரையை மீண்டும் தொடங்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்தேன், அடுத்த வாரம் மீண்டும் போகிறேன். கைப்பேசியில் இருந்த படங்களில் மூன்றை மட்டும் அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு மற்றவற்றை அவரே அழித்தார். மாதம் ஒருமுறை, அதே விளக்கின் கீழ், அவர் ஒரு படம் எடுப்பார். நான் கேட்டாலும் இடையில் காட்ட மாட்டார் என்று பேசி வைத்திருக்கிறோம். இரவில் ஒரு கண்ணாடியை எடுக்கிறேன், இரண்டாவதைத் தேடினால் அது அவர் அறையில் இருக்கிறது.

நேற்று முடிவெட்டப் போனேன், அதே கடைக்கு, அதே ஆளிடம். அன்று தீக்காயம் என்று சொன்னது உண்மையில்லை என்று சொன்னேன். எப்போது செய்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். பின்னால் எவ்வளவு விடட்டும் என்று கேட்டார்.